கழுகுமுகன் வீடு திரும்பும் பக்கம்

ஓட ஆரம்பித்திருந்த அச்சு இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை அவளே ஓங்கி அழுத்தினாள். மெஷின்காரர் பதறி விலகினார். மை காயாத தாளை உருவிப் பார்த்தாள். அவள் பயந்தபடியே ஒரு பக்கம் இல்லை. கோபுரத்திலிருந்து குதித்த கழுகுமுகன், அடுத்த பக்கத்திலேயே வில்லனின் கழுத்தைப் பிடித்திருந்தான். நடுவில் அவன் வீட்டுக்குப் போகவே இல்லை.

தாளோடு மாடிக்கு ஓடினாள்.

மாடியில் இருந்தவன் இதழின் ஆசிரியன், அவள் கணவரின் தம்பி. ‘கழுகுமுகன்’ காமிக்ஸை மாதாமாதம் கொண்டுவருவது அவன்; எழுதி வரைவது அவள். இருவருக்கும் ஒரே தகராறுதான். அவளுடைய கழுகுமுகன் அடிதடி முடிந்ததும் வீடு திரும்புவான். படியேறுவான், குனிந்து பூட்ஸ் கழற்றுவான், கிழிந்த அங்கியைத் தானே தைப்பான். வசனமே இல்லாமல் பக்கம் பக்கமாகப் போகும். முகமூடிக்குள் இருப்பது யாரென்று அங்கேதான் தெரியும் என்பாள். கதை நொண்டுகிறது என்பான் அவன்.

“உங்க ஹீரோ ஊசியில நூல் கோக்குறதுக்குள்ள வில்லன் பேரன் பேத்தி எடுத்துடுவான் அண்ணி.”

கழுகுமுகன் சண்டை போடுகிறாரா, குடித்தனம் நடத்துகிறாரா என்று வாசகர் ஒருவரும் எழுதிக் கேட்டிருந்தார்.

அந்தப் பக்கங்களில் அவள் வரைந்ததெல்லாம் கணவரைத்தான். ஒரு தோளைச் சாய்த்து நடக்கும் அதே நடை, கதவை முழங்கையால் தள்ளும் அதே பழக்கம்.

இரண்டு இதழுக்கு முன்னால் படியேறும் பக்கம் காணாமல் போனது. அன்றிலிருந்து வீட்டுப் படியில் அவர் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. சட்டென்று கதவு திறக்கும், அவர் நிற்பார். போன இதழில் பூட்ஸ் கழற்றும் பக்கம் போனது. வாசலில் நின்றவர், அவள் கண்ணிமைப்பதற்குள் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார், காலில் பூட்ஸோடு. கோப்பையில் டீ இருக்கும்; பிறகு இருக்காது. அவர் குடித்ததை அவள் பார்க்கவில்லை.

இன்று போயிருப்பது, கதவைத் திறந்து உள்ளே வரும் பக்கம்.

தாளை அவன் மேசையில் விரித்தாள். “சண்டை எவ்வளவு வேணுமோ வரைஞ்சு தர்றேன் தம்பி. இந்த ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி வை. இது இல்லேன்னா அவர் வீட்டுக்கு வர மாட்டார்.”

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினான். இழுப்பறையிலிருந்து மூன்று பக்கங்களை எடுத்து வைத்தான். காணாமல் போன மூன்றும் கசங்காமல் இருந்தன.

தான் எதையும் வெட்டவில்லை என்றான். கிண்டல் செய்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு மாதமும் எல்லாப் பக்கங்களையும்தான் அச்சுக்கு எடுத்து வைத்தான்.

“அண்ணன்தான் வந்து உருவி எடுத்து என் கையில குடுக்கறார். வர்றது தெரியாது. தலை நிமிர்ந்தா நிக்கறார்.”

என்ன சொன்னார் என்று கேட்டாள்.

“‘கதையை நகத்தச் சொல்லுடா, அவ என்னை வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கா’ன்னார்.”

கீழே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. அவள் கதவுப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். அவன் வழியை மறித்தான்.

“வேணாம் அண்ணி, அவரைப் போக விடுங்க. முதல் இதழ் வர்றதுக்கு முன்னாடியே, ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டு அண்ணன் உடம்பை வாங்கினது நான்தானே.”