வாசலை அடைத்த குதிரைகள்

கல்யாணப் பெண்ணின் பெரியம்மா ஃபெங் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, “மாப்பிள்ளைக்கு இன்னிக்குப் பரீட்சை!” என்று கூவினாள். உள்ளே பெண்கள் கைதட்டினார்கள். வெளியே நாலாம் மாடிப் படிக்கட்டில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றோம். முன்னால் என் தம்பி யோங்பிங், கோட்டில் சிவப்புப் பூவும் கையில் பூங்கொத்துமாக. அவனுக்குப் பின்னால் நான், கையில் போனோடு. அந்தப் போனில் சற்று முன்புதான் அப்பா பேசியிருந்தார்.

“குய்ஃபென், உங்கம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. பொண்ணைக் கூட்டிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க. சீக்கிரம் வா தாயி.”

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. எங்கள் பக்கத்தில் மருமகள் கல்யாணத்தன்று மாமியாருக்குத் தேநீர் கொடுத்து, அன்றுதான் முதல் தடவையாக ‘அம்மா’ என்று கூப்பிடுவாள். அதுவரை ‘அத்தை’தான். மாமியார் வாய் நிறைய “என்னம்மா” என்று பதில் சொல்ல வேண்டும். “மருமக ருயிலின் வாயால ஒரு தடவ அம்மான்னு கேட்டுட்டாப் போதும்டி. அப்புறம் எமன் வந்தா வரட்டும், நானே செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பறேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கேன்சர் ஈரலைத் தின்றுவிட்டது என்று பெண் வீட்டில் சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டதும் அவள்தான். “பிரஷர்னு சொல்லுங்க, போதும். நான் செத்துட்டிருக்கேன்னு தெரிஞ்சா அவங்கம்மா கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுருவா. எனக்குத் தள்ளிப்போட நேரமில்ல.” அப்பா தலையை ஆட்டினார். தம்பியும் ஆட்டினான். நான் மட்டும் இது சரியில்லை என்று கத்திப் பார்த்தேன். “உனக்கு வாய் நீளம், மூடு” என்றாள். அம்மா சொன்னால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

ஆக, கதவுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் விளையாடுவது போல விளையாடினார்கள்.

“பொண்ணு குதிரை வருஷத்துல பொறந்தவ” என்றது பெரியம்மாவின் குரல். “அதனால குதிரை வர்ற நாலெழுத்துச் சொல்லா ஒரு டஜன் சொல்லு மாப்ள. எல்லாம் நல்ல சொல்லா இருக்கணும். அபசகுனமா ஒண்ணு வந்துச்சு, முன்னால சொன்னதுல ஒண்ணு கழிஞ்சிரும்.”

நாலெழுத்துச் சொல் என்றால் சீன எழுத்தில் நாலே எழுத்தில் அடங்கிவிடும் பழமொழி. மற்ற வீடுகளில் ‘ஒன்று’ வரும் சொல்தான் கேட்பார்கள். ஒரே மனம் ஒரே எண்ணம், ஒரே வாழ்வு ஒரே உலகம், இப்படி. ராத்திரி பகலாக நான் தம்பிக்கு உருப்போட வைத்ததெல்லாம் ‘ஒன்று’. இந்தப் பெரியம்மாவோ பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். சும்மா விடுவாளா? யோங்பிங் பஸ் பட்டறையில் மெக்கானிக். இன்ஜினைக் கழற்றிப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவான். குதிரைக்கு எங்கே போவான் பாவம்?

“குதிரை வந்தது, வெற்றி வந்தது” என்றான். போன காரியம் போன உடனே கைகூடுவதற்குச் சொல்வது.

“ஒண்ணு!”

“பச்சைப் பிளம், மூங்கில் குதிரை.”

அது அரை டவுசர் வயதிலிருந்தே சேர்ந்து விளையாடி வளர்ந்த ஜோடிக்கு. உள்ளே ஒரே சிரிப்பு. “பொய்யப் பாரு! நீ இவளக் கண்டே போன வருஷந்தான். சரி, ஆசையா சொல்லிட்ட. ரெண்டு!”

“முன்னால போற ஒத்தக் குதிரை.” எல்லோருக்கும் முன்னால் துணிந்து நிற்கிறவனுக்கு.

“மூணு! பரவால்லையே, மாப்ளைக்கு மண்டையில கிரீஸ் மட்டும் இல்ல.”

அத்தோடு வண்டி நின்றுவிட்டது. தம்பி கூரையைப் பார்த்தான், தன் ஷூவைப் பார்த்தான். அப்புறம் நாக்கில் வந்ததைக் கொட்டினான். “குதிரை மேலேர்ந்து பூப் பாக்கறது.”

எதையும் நின்று பார்க்காமல் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிறவனை அப்படித்தான் சொல்வோம். கதவே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். “என்ன மாப்ள, எங்க பொண்ணை மேலாப்புல பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தியா? கழி ஒண்ணு!”

“ஒத்தை ஈட்டி, ஒத்தைக் குதிரை.” துணைக்கு ஆளில்லாமல் தனியாகப் போராடுவது.

“கல்யாணத்தன்னிக்கு ஒத்தையாம்ல! கழி இன்னொண்ணு!”

நான் பணம் வைத்த சிவப்பு உறைகளைக் கதவிடுக்கில் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். “பெரியம்மா, இந்தாங்க, இதை வெச்சுக்கிட்டுத் திறந்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” உறைகள் உள்ளே போயின. கதவு அசையவில்லை. “உறை வேற, பரீட்சை வேற” என்று பதில் வந்தது. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

போன் மறுபடி அடித்தது. அப்பா அழுதுகொண்டிருந்தார்.

“கண்ணு சொருகிச் சொருகி வருது. திறக்கறப்பல்லாம் வாசலைத்தான் பாக்கறா. எங்க இருக்கீங்க?”

“பொண்ணு வீட்டு வாசல்லப்பா. கதவு திறக்கல.”

“திறக்கலையா? அங்க என்னதான் பண்றீங்க?”

என்னவென்று சொல்வேன்? அம்மா மூச்சுக்குத் தவிக்கிறாள், நாங்கள் படிக்கட்டில் நின்று குதிரை எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்றா? போனை வைத்துவிட்டேன். என் முகத்தைத் தம்பி பார்த்துவிட்டான். அவன் முகமும் செத்துப் போயிற்று.

அதற்குப் பிறகு அவன் வாயில் வந்த குதிரையெல்லாம் நொண்டியும் குருடுமாகவே வந்தன. “ஆள் கவிழ, குதிரை குப்புற” என்றான். எல்லாம் தாறுமாறாகிச் சின்னாபின்னமாவதற்குச் சொல்வது. உள்ளேயிருந்து “அடடா, வாயைக் கழுவு!” என்றார்கள். “பாறை விளிம்புல கடிவாளத்தை இழுக்கறது” என்றான். அழிவில் விழப்போகிற நேரத்தில் சுதாரித்து நிற்பது அது. “ஓஹோ! எங்க பொண்ணுதான் பாறை விளிம்பா? கல்யாணத்தை நிறுத்திட்டுத் திரும்பிப் போறியா?” என்று பெரியம்மா கேட்க, உள்ளே ஒருத்தி சிரித்துச் சிரித்து இருமவே ஆரம்பித்துவிட்டாள். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை எனக்கு. நெஞ்சில் இருப்பதுதானே வாயில் வரும்.

அவன் காதில் கிசுகிசுத்தேன். “குளம்பு நிக்காத குதிரைன்னு சொல்லுடா. ஓடற குதிரைக்கு இன்னொரு சாட்டைன்னு சொல்லு. அதெல்லாம் நல்லதுதான். மூச்சு விடாம முன்னேறிப் போறது. சொல்லுடா!”

அவன் அப்படியே ஒப்பித்தான்.

“யார் அது பின்னாலேர்ந்து எடுத்துக் குடுக்கறது?” என்றாள் பெரியம்மா. “காப்பி அடிச்சா செல்லாது. மாப்ள, முதல்லேர்ந்து ஆரம்பி!”

முதலிலிருந்தா? எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தம்பியை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் கதவில் அறைந்தேன்.

“பெரியம்மா! செத்த குதிரைக்கு உசுரிருக்குன்னு நெனச்சு வைத்தியம் பாக்கறதுன்னு ஒண்ணு இருக்கே, அதையும் கணக்குல எழுதிக்குங்க! அதைத்தான் நாங்க இங்க நின்னு பண்ணிட்டிருக்கோம்!”

நம்பிக்கை அற்றுப்போன பின்பும் கையைக் காலை உதைத்துக்கொள்வதற்கு எங்கள் ஊரில் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் கல்யாண வாசலில் நின்று ‘செத்த’ என்று சொல்லலாமா? உள்ளே சிரிப்பு அப்படியே அடங்கியது. எங்கள் பக்கத்து ஆட்கள்கூட ஒரு படி கீழே இறங்கி நின்றார்கள். வாயை விட்டுப் போன சொல்லை நாலு குதிரை பூட்டிய தேராலும் துரத்திப் பிடிக்க முடியாது என்பார்கள். அதுவும் குதிரைச் சொல்தான். அதையும் வேண்டுமானால் எண்ணிக்கொள்ளட்டும்.

“எவ அவ, நல்ல நாளும் அதுவுமா?” என்றாள் பெரியம்மா.

“நான்தான், மாப்பிள்ளையோட அக்கா. எங்கம்மாவுக்கு பிரஷரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஈரல்ல கேன்சர். கடைசி மூச்சு இழுத்துக்கிட்டிருக்கு. உங்க பொண்ணு வந்து அம்மான்னு கூப்பிடுவான்னு வாசலைப் பாத்துட்டே கெடக்கறா. கதவைத் திறங்க பெரியம்மா, உங்க கால்ல விழறேன்!”

“அக்கா!” என்று தம்பி என் வாயைப் பொத்த வந்தான். அவன் கையைத் தட்டிவிட்டேன். இனிப் பொத்தி என்ன?

உள்ளே குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. பெண்ணின் அம்மாவுடைய குரல் எல்லாவற்றையும் மீறி ஓங்கிக் கேட்டது. “இதை மறைச்சா பொண்ணு கேட்டாங்க? இன்னிக்கு வேணாம். சிவப்பு உடுத்திக்கிட்டு சாவு நடக்கற எடத்துக்கு என் மக போகமாட்டா. வேற நாள் பாத்துக்கலாம்.”

அம்மா கணக்கு தப்பவில்லை. சொன்னபடியே தள்ளிப் போட்டார்கள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி நேரத்தில் நானே வாயைத் திறந்து கெடுத்துவிட்டேன்.

அப்போது தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

ருயிலின் நின்றாள். சிவப்புப் பட்டு, தலையில் பொன்பூக்கள், ஒரு காலில் மட்டும் செருப்பு. இன்னொன்றை மாப்பிள்ளை தேடி எடுக்கட்டும் என்று எங்கோ ஒளித்து வைத்திருந்தார்கள். பெண்ணின் கால் தரையில் படக் கூடாது, உடன்பிறந்தவன் முதுகில் சுமந்துதான் இறக்க வேண்டும். அவள் தம்பி முதுகைக் காட்டிக் குனிந்தான். அவனைச் சுற்றிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். பின்னால் அவள் அம்மா முந்தானை போலத் தொங்கிய பட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். பெரியம்மா ஃபெங்தான் அந்தக் கையைப் பிரித்து விட்டாள். “விடுடி. போகட்டும்” என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. “தெரிஞ்சிருந்தா நான் கதவைச் சாத்துவேனா? நீயே சொல்லு, சாத்துவேனா?” என்று கேட்டாள்.

நாங்கள் படிகளில் ஓடினோம். கீழே பட்டாசு வைத்திருந்தவன் விவரம் தெரியாமல் சரத்தைக் கொளுத்திவிட்டான். அந்தப் புகைக்குள் புகுந்துதான் காரில் ஏறினோம். வழியில் தம்பி ருயிலின் கையைப் பிடித்தான். அவள் கையைக் கொடுத்தாள், ஆனால் அவனைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சிக்னலுக்கும் நான் டிரைவரைத் திட்டினேன்.

ஆஸ்பத்திரி அறையில் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் கையைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் ஓரமாக நின்றாள். மெஷினை நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் கண் முழுசாக மூடவில்லை, முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

“இப்பத்தான்” என்றார் அப்பா. “நீங்க லிஃப்டுல ஏறிட்டிருப்பீங்க. இப்பத்தாம்மா.”

யோங்பிங் கட்டிலின் காலைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தான். ருயிலின் அழவில்லை. மேசையில் இருந்த பிளாஸ்கைத் திறந்து டம்ளரில் வெந்நீர் ஊற்றினாள். போடத் தேயிலை இல்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மண்டியிட்டாள். செருப்பில்லாத கால் தெருப்புழுதியில் கறுத்திருந்தது.

“அம்மா, தேநீர் குடிங்க” என்றாள்.

டம்ளரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

“அம்மா.”

அந்தப் பதிலை நானாவது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். ‘என்னம்மா’ என்று ஒரு வார்த்தை. வரவில்லை. நீளமான வாய் என்று பெயரெடுத்தவள் நான், அந்த ஒரு வார்த்தைக்கு உதவவில்லை.

அப்பா அவள் தோளைத் தொட்டார். “கேட்டிருக்கும்மா. காதுதான் கடைசியாப் போகுமாம். கண்டிப்பாக் கேட்டிருக்கும்.”

“கேக்கலப்பா” என்றாள் ருயிலின். “எனக்கு இன்னொரு பொய் வேணாம்.”

அவள் மறுபடியும் கூப்பிட்டாள், இன்னும் சத்தமாக. நடையில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். வெந்நீர் ததும்பி அவள் கையில் கொட்டியது. நான் டம்ளரை வாங்கப் போனேன். அவள் தரவில்லை. என் பக்கம் திரும்பினாள், அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

“பாக்க வரட்டுமான்னு நானேதானே கேட்டேன், ஓய்வு எடுக்கணும்னுட்டீங்க. நான் வேலை பாக்கற கடை இந்த ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்லதான் இருக்கு அக்கா. நேத்து மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஓடி வந்து கூப்பிட்டிருப்பேனே. முறை என்ன பெரிய முறை? அவங்க போதும் போதும்னு சொல்ற வரைக்கும் கூப்பிட்டிருப்பேனே.”