சின்னச் சின்ன மூச்சு

மயக்க மருத்துவருக்கு அந்த மூச்சுப் பயிற்சி அட்டையைப் பார்த்ததுமே பொறி தட்டியது. நோயாளி முப்பது வருடம் பஞ்சாலைத் தூசியைச் சுவாசித்தவர். நாலு படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவர் மூச்சை இழுக்கும் பயிற்சிக் கருவியில் மூன்று பந்துகளையும் தினமும் மேலே ஏற்றியதாக அட்டை சொன்னது.

"இதெல்லாம் நீங்க இழுத்ததுதானா?"

மனிதர் கூரையைப் பார்த்தார். பக்கத்திலிருந்த மனைவி முந்தானையைத் திருகினாள்.

"நான்தான் இழுத்தேன் டாக்டரம்மா. இவரு ரெண்டு தடவ இழுத்தா இருபது தடவ இருமுறாரு. பாக்க மனசு கேக்கல."

"ஆபரேஷன் உங்களுக்கா, அவருக்கா?"

கேட்டுவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அறுவை சிகிச்சையை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். இதயத்தின் வால்வைச் சரிசெய்வது அவருக்குக் கவலையில்லை. அதற்குக் கைதேர்ந்த ஆள் இருந்தார். வால்வைத் தைக்கும்வரை இதயத்தை நிறுத்திவைத்து, ரத்தத்தை இயந்திரத்தின் வழியாக ஓட்டுவார்கள். அந்த நேரம் நுரையீரலுக்கு வேலையில்லை, சுருங்கிக் கிடக்கும். நல்ல நுரையீரல் தட்டியதும் எழுந்துகொள்ளும். பழுதுபட்டது முரண்டு பிடிக்கும். போன வருடம் அப்படி ஒருவர் இருபத்தொரு நாள் சுவாசக் குழாயோடு கிடந்தார். வீடு திரும்பவில்லை. அந்த முகத்தை மயக்க மருத்துவரால் இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டு வாரம் மனைவி போலீஸ்காரியாக மாறினாள். முதல் பந்து முழுதாக ஏறியது, இரண்டாவது பாதி. சொந்த மூச்சில் ஏறியது என்பதால் மயக்க மருத்துவருக்கு அதுவே போதும்.

அறுவை அரங்கில் இயந்திரம் ஓடத் தொடங்கியது, இதயம் நின்றது. வழக்கமாக அந்த நொடியில் சுவாசக் கருவியை நிறுத்திவிடுவார்கள். மயக்க மருத்துவர் நிறுத்தவில்லை. அளவைக் குறைத்து, சின்னச் சின்ன மூச்சாக விட்டார்.

அறுவை நிபுணர் நிமிர்ந்தார். எதைக் கேட்டாலும் "இன்னும் பத்து நிமிஷம்" என்பதால், முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'பத்து நிமிஷம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"நுரையீரல் ஆடுதும்மா. நான் தைக்கறதா, ஊஞ்சல் பாக்கறதா?"

"நீங்க ஊசி குத்தற நேரம் ஆடாம வைக்கிறேன் சார். லேசா காத்து மட்டும் நிக்கும். நீங்க கையை எடுத்தா மறுபடி மூச்சு விடுவேன். முழுசா சுருங்க விட்டா இந்த நுரையீரல் திரும்பாது."

அவர் ஏதோ முனகினார். ஆனாலும் மறுக்கவில்லை. அதற்குப்பின் ஒன்றரை மணி நேரம் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடியே வேலை செய்தார்கள். நிபுணர் "ம்" என்றால் காற்று அசையாமல் நிற்கும். "சரி" என்றால் மூச்சு ஓடும்.

வால்வு தைத்தாயிற்று. இதயம் இரண்டு முறை தடுமாறி, பிறகு சீராகத் துடித்தது. இனி நுரையீரலின் முறை. மயக்க மருத்துவர் காற்றுப் பையைக் கையில் எடுத்து மெல்ல அழுத்தினார். வலது பக்கம் விரிந்தது. இடது பக்கத்தின் அடிப்பகுதி மட்டும் கருத்து, ஒட்டிக் கிடந்தது. அவர் அவசரப்படவில்லை. அழுத்தத்தை அப்படியே பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணினார். பதினைந்தில் ஓரம் வெளுத்தது. இருபதில் முழுதும் விரிந்தது.

"மெஷினைக் குறைங்க" என்றார்.

ரத்த இயந்திரத்தை இயக்குபவர் ஓட்டத்தைப் பாதியாக்கினார், பிறகு கால், பிறகு நிறுத்தினார். திரையில் ஆக்ஸிஜன் தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றேழு.

"இறங்காம நிக்குதும்மா" என்றார் 'பத்து நிமிஷம்'. "அடுத்த கேஸுக்கும் இப்படியே பண்ணுங்க. கொஞ்சம் திட்டுவேன், கண்டுக்காதீங்க."

மறுநாள் காலை குழாயை எடுத்தார்கள். மனிதர் சொந்தமாக மூச்சு விட்டார். இருமினார், வலித்தது, மறுபடி மூச்சு விட்டார். மயக்க மருத்துவர் அரைமணி நேரம் கூடவே நின்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

மனைவி நாற்காலியிலிருந்து எழக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா இருக்காரும்மா. குழாய் எடுத்தாச்சு. பேசறார்."

"என்ன பேசினாரு?"

"'அவ எங்க'ன்னு கேட்டார்."

"முப்பத்தாறு வருசத்துல இன்னிக்குத்தான் கேட்டிருக்காரு" என்று சிரிக்கப் போனவள், பாதியிலேயே மருத்துவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மருத்துவர் கைகளை விடுவித்துக்கொள்ளவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போலிருந்தது.