ஐந்து மணி மழை

ஈப்போ அலுவலகத்தின் கூரைமேல் மழை கொட்டியபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. சரளாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. மழைக்கு அப்படி என்ன அவசரம்? ஐந்து மணிக்குத்தான் வரும் என்று அவள் காலையிலேயே ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டதே!

அதுதான் அவள் வேலை. வானிலைக் கணிப்புக் கோப்புகளில் எண்கள் குவிந்து கிடக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு வரி. அதிலிருந்து மழையைப் பிரித்தெடுத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு வாட்சப்பில் அனுப்புவாள். இந்த வாரம்தான் புதிதாக வேறொரு நிறுவனத்தின் கோப்பு வந்திருந்தது. அதிலிருந்த கிரீன்விச் நேரத்தோடு எட்டு மணியைக் கூட்ட அவள் மறக்கவில்லை. அதில் கொஞ்சம் பெருமைகூட. ஐந்து மணி வரியில் பெருமழை இருந்தது. அப்படியே எழுதி அனுப்பிவிட்டு தே தாரேக் குடிக்கப் போய்விட்டாள்.

இப்போது கோப்பை மறுபடி திறந்தாள். நேரத்தை ஒட்டி, அவள் காலையில் எட்டிப் பார்க்காத சின்ன அட்டவணை ஒன்று இருந்தது. ஐந்து மணிக்கு நேராக: தொடக்கம் இரண்டு, முடிவு ஐந்து.

செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்று மணி என்றால் மூன்றுக்குத் தொடங்குகிறது என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வார்கள்? பழைய கோப்புகளும் அப்படித்தான் எழுதின. இந்தப் பாழாய்ப்போன கோப்போ, அந்த மூன்று மணி நேரம் முடிகிற நேரத்தை எழுதியிருந்தது.

"மழை இப்பவே. பாலத்துல எறங்காதீங்க" என்று எல்லாருக்கும் தட்டிவிட்டு, புருஷன் கனகராஜை அழைத்தாள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் அவனுக்கு வேலை; லோரியை ஓட்டுவது சீனி அண்ணன். வெளியே வருவதென்றால் கைப்பிடியில்லாத ஒரு தாழ்ந்த பாலத்தைத் தாண்டியாக வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தான்.

"நான் கரையிலதான் இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த பேச்சில் மறுபடி போனது.

"சீனி அண்ணே லோரியோட நடுப் பாலத்துல மாட்டிக்கிட்டாரு. எஞ்சின் நின்னுபோச்சு. அஞ்சு மணிக்குத்தான் மழைன்னு நீ சொன்னியேன்னு, போலாம் அண்ணேன்னு நான்தான் சொன்னேன்லா. நான் வழி காட்டிக்கிட்டு முன்னால நடந்து வந்துட்டேன். தண்ணி இப்ப கதவ தொடுது. மழ எப்ப நிக்கும்? காத்திருக்கவா, கயிறு போடவா?"

சரளா திரையைப் பார்த்தாள். எட்டு மணி வரியில், அதாவது ஐந்திலிருந்து எட்டுவரை, மழையே இல்லை. 'அஞ்சுக்கு நின்னுடும்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஐந்து மணி வரியில் மூன்று மணி நேரத்து மழையும் ஒரே எண்ணாய்க் கிடந்தது. எந்த நிமிடம் ஓயும் என்று அது சொல்லவில்லை.

"எனக்குத் தெரியலங்க! நான் தப்பா படிச்சிட்டேன். காத்திருக்காதீங்க, இப்பவே கயித்த போடுங்க!"

போனை அவன் எங்கோ வைத்துவிட்டான். மழை இரைச்சல், ஆட்களின் கத்தல், பிறகு ஏதோ பெரிதாய்ப் புரண்டு விழுந்த சத்தம். சரளா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்து மேசைக்காரி எழுந்து ஓடிவந்தாள்.

"ஆள புடிச்சிட்டோம்! லோரி போச்சு, ஆள் இருக்காரு!" கனகராஜின் குரல் உடைந்திருந்தது. "இந்தாங்க அண்ணே, சரளாதான்."

பல் தந்தியடிக்க, மூச்சு வாங்க, சீனி அண்ணனின் குரல் கேட்டது. அதில் கோபமே இல்லை.

"தங்கச்சி, என் கைக்கடிகாரம் மூணுலயே நின்னுபோச்சும்மா. நீ சொன்ன மழ வந்துடுச்சே, மணி அஞ்சு ஆயிடுச்சா?"