கதவுக்கு வெளியே அக்கா

1

இந்தக் கதையை ஆரம்பித்து வைத்தவர் ஒரு டாக்டர். பழியை அவர் மேலேயே போட்டுவிடுகிறேன்.

"உங்க அக்காவுக்கு வந்திருக்கறது மனச்சோர்வுன்னா, சரி பண்ணிடலாம். மனச்சோர்வு உள்ளவங்க எதைக் கேட்டாலும் பெரும்பாலும் 'தெரியல'ன்னு விட்டுடுவாங்க. மறதி நோய் இந்த வயசுலயும் வரும். அதுல சிலர் இல்லாததைச் சொல்லி இட்டு நிரப்புவாங்க."

இட்டு நிரப்புவதுதான் சார் என் பிழைப்பே என்று சொல்ல வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அக்காவுக்கு நாற்பத்தெட்டுதான்.

2

'மறதியின் இருளுக்குள் அவள் மெல்ல' சீ! அக்கா படித்தால் சிரித்தே என் மானத்தை வாங்குவாள்.

மறுபடியும். அக்கா லிஃப்ட் மெக்கானிக். மாமா இறந்தபின் வேலைக்குப் போகவில்லை, பேச்சும் நின்றுபோனது. ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் ஸ்பேனரைத் தேடினாள்.

(அடைப்புக்குறிக்குள் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன். லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே அலறுகிறவர்களுக்கு, அக்கா கதவுக்கு வெளியே நின்று கதை சொல்வாள். கை வேலையில் இருக்கும், வாய் புளுகிக்கொண்டிருக்கும். கதவு திறந்தால் உள்ளே சிரித்துக்கொண்டு நிற்பார்கள். இத்தனை வருஷம் எழுதி நான் ஒருத்தரையும் எங்கிருந்தும் வெளியே கொண்டுவந்ததில்லை.)

3

பரிசோதனை அறை. 'தெரியல'ன்னு சொல்லிடுக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"நேத்து மத்தியானம் என்ன பண்ணீங்கம்மா?"

அக்கா யோசித்தாள். என் பக்கம் திரும்பினாள். நான் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பழைய குரல் வந்தது, எத்தனையோ மாதம் கழித்து!

"நேத்தா? அதை ஏன் கேக்கறீங்க! வீட்டுக்கு ஒரு பூனை வந்துச்சு. வந்தா லிஃப்ட்லதான் வருவேன்னு ஒரே அடம்..."

எங்கள் வீடு தரைத்தளம். பூனையும் வரவில்லை, ஆனையும் வரவில்லை. டாக்டர் பேனாவை எடுத்தார்.

4

முடிவு ஒன்று: நோய்தான், அக்கா இட்டு நிரப்புகிறாள்.

முடிவு இரண்டு: உள்ளே மாட்டிக்கொண்ட ஒருத்தனை அக்கா பார்த்துவிட்டாள், வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

இரண்டையும் எழுதினேன், இரண்டையும் அடித்துவிட்டேன். "ஸ்கேன் வரட்டும், இப்போதைக்குச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஸ்கேன் இன்னும் வரவில்லை. வழக்கமாக இந்த இடத்தை நான்தான் நிரப்புவேன். இன்றைக்கு மாட்டேன், நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் நிஜம். பூனை மூன்றாவது மாடியை எட்டியபோது நான் சிரித்துவிட்டேன். கதவு திறந்துவிட்டதா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியல.