வரப்பில்லாத வயல்

வேளாண் பொறியாளர் அருண்குமார் ஜீப்பின் முன்பக்கத்தில் வரைபடத்தை விரித்து, அடுத்தடுத்து இருந்த ஐந்து பேருடைய வயல்களையும் சேர்த்து ஒரே வட்டம் போட்டார்.

"அறுப்பு மெஷின் பாதி நேரம்தாங்க அறுக்குது. மீதி திரும்பறதுக்கே சரியாப் போவுது. நடுவுல இருக்கற வரப்ப எடுத்துட்டா அந்தக் கோடி வரைக்கும் நேராப் போவும்."

"அப்பறம் எது யாருதுன்னு எப்பிடி சார் தெரியும்?" என்றார் அந்த ஐந்து பேரில் ஒருவரான திருநாவுக்கரசு.

"ஓரத்துல கல்லு இருக்குதே. எல்லை எங்கயும் போயிடாது."

மற்ற வயல்காரர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே லலிதாம்பிகை, "எடுத்துடுங்க சார்" என்றாள். அவளுடைய தம்பி மணவாளன் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

அந்த வரப்பின் மேல்தான் அவள் கணவன் சபாபதி மின்னல் தாக்கி இறந்தான். ஐப்பசி மழையில் வயலில் நின்ற தண்ணீரை வடியவிடப் போனவன். அதற்குப் பிறகு அவள் வயலுக்குப் போகாமல் இல்லை. ஆனால் அந்த இடம் வரும்போது சேற்றில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவாள். வரப்பில் புல் கழிக்க வருகிறவர்களிடம் அங்கே மட்டும் மண்வெட்டி போட வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். மற்ற இடமெல்லாம் மொட்டையாக இருக்க, அங்கே மட்டும் கோரை ஆள் உயரம் நிற்கும். தூரத்திலிருந்தே தெரியும். அது கண்ணில் படாமலிருந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

சித்திரையில் டிராக்டர் வந்து வரப்பை இழுத்துச் சமன் செய்தது. அன்று அவள் சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டுப் பொழுது சாயத்தான் திரும்பினாள். வயல் ஒரே வெளியாகக் கிடந்தது. வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த பிறகு ஒரு காலையில் உள்ளே இறங்கி நடந்தாள். பாதி தூரத்தில் கால் நின்றுவிட்டது. இதுவாக இருக்குமோ? இரண்டடி தள்ளி வைத்தாள். இல்லை, இதுவா? முன்பெல்லாம் ஓர் இடத்தைத் தவிர்த்தால் போதும். இப்போது எங்கே கால் வைத்தாலும் அவனையே மிதிப்பது போலிருந்தது. அதன் பிறகு அவள் வயலில் இறங்கவில்லை. ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். உரம், மருந்து எல்லாம் மணவாளன்தான் பார்த்துக்கொண்டான்.

தை கடைசியில் அறுப்பு மெஷின் வந்தது. ஆத்தூர்க்கார டிரைவர் ஒரே ஓட்டமாகக் கோடிவரை போய்த் திரும்பியதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். அருண்குமார் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மெஷின் நடு வயலை நெருங்கியபோது லலிதாம்பிகை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதிருக்குள் இறங்கி ஓடினாள்.

"அந்த எடத்த மட்டும் வுட்டுடச் சொல்லுடா!"

மணவாளன் பின்னாலேயே ஓடி வந்தான். "எந்த எடம்க்கா?"

"நீதானடா அன்னிக்கி அவர தூக்கிட்டு வந்த. சொல்லு, எங்க?"

"அந்த வேலிக்கருவ மரத்துக்கு நேரா..." என்று கையை நீட்டியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். மெஷின் இறங்க வழி வேண்டுமென்று அந்த மரத்தையும் வெட்டியிருந்தார்கள்.

"இன்னும் மேக்கால தள்ளிம்மா" என்றார் திருநாவுக்கரசு ரோட்டிலிருந்தே. பக்கத்தில் நின்றவர் கிழக்கே காட்டினார். அருண்குமார் செல்போனோடு ஓடி வந்து, "வரப்பு போன கோடு இந்தப் பழைய சாட்டிலைட் படத்துல தெரியுதும்மா. ஆனா அதுல எந்த எடம்னு..." என்று இழுத்தார்.

அவள் கதிரை விலக்கிக்கொண்டு நடந்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். மெஷினின் சத்தம் காதை அடைத்தது.

டிரைவர் வண்டியை நிறுத்தி, "அம்மா, கைய மட்டும் காட்டுங்க, சுத்திப் போயிடறேன்!" என்று மேலிருந்து கத்தினார்.

அவள் கையைப் பாதி தூக்கினாள். நான்கு பக்கமும் முற்றிய கதிர்கள் இடுப்பளவில் ஒன்றுபோல் சாய்ந்து நிமிர்ந்தன. டிரைவர் வெட்டுகிற பகுதியைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்தபடி, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.