துணி நாப்கின்

கோழிப்பண்ணையில் காலை முட்டை எடுத்து முடிப்பதற்குள் ஜெயப்பிரியாவுக்கு இடுப்பு விட்டுப்போகும். அட்டை அட்டையாகத் தள்ளுவண்டியில் ஏற்றி, இறக்கி, அடுக்கிவிட்டு எருமப்பட்டியில் இருக்கும் வீட்டுக்கு நடந்து வந்தால், தட்டில் சோறு போட்டு உண்ணக்கூடத் தெம்பிருக்காது. புருஷன் தீனதயாளன் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்தான். வண்டி ஒடிசா, சத்தீஸ்கர் என்று வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பாது. அதுவரை வீட்டுப்பாடு முழுக்க அவள் தலையில்தான்.

அப்படியொரு நேரத்தில் மகள் கனிஷ்கா பெரிய மனுஷியானாள். தீனதயாளன் லீவு சொல்லி வந்து தெரட்டி சீரை நன்றாகவே நடத்தினான். ஊர் முக்கில் பிள்ளையின் படம் போட்ட பேனர் வெகுநாள் நின்றது. ஆனால் பந்தலைப் பிரித்துக்கொண்டு எல்லோரும் போன பிறகு, மாதாமாதம் வரப்போவதை எப்படிச் சமாளிப்பது என்று பிள்ளைக்குச் சொல்ல ஜெயப்பிரியாவை விட்டால் ஆளில்லை. அவள் மளிகைக் கடையில் ஒரு நாப்கின் பாக்கெட் வாங்கிக் கையில் கொடுத்தாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்குத் தொடையிடுக்கு சிவந்து தடித்தது. பிறகு புண்ணானது. காலை அகட்டி அகட்டிப் பள்ளிக்கூடம் போனாள். யாரோ சொல்லி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள் ஜெயப்பிரியா. அவர் பார்த்துவிட்டுக் களிம்பு எழுதினார். "இந்தப் பேடு இவளுக்கு ஒத்துக்கல. பருத்தித் துணியில தைச்ச நாப்கின் வருது, துவைச்சுத் திரும்பவும் வெச்சுக்கலாம். அதைப் போட்டுப் பாருங்க. ஆனா நல்ல வெயில்ல காயணும்" என்றார்.

ஜெயப்பிரியாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "துணியெல்லாம் வேண்டாமுங்க டாக்டர். அந்தக் கருமத்தை நானே பட்டிருக்கறனுங்க."

அவள் பட்டது பழஞ்சேலைக் கிழிசல். கண்ணில் படக்கூடாதென்று பாவாடைக்கு அடியில் காயப்போட்டு, காயாததை மழைக்காலத்தில் ஈரத்தோடு கட்டிக்கொண்டு அலைந்தது. ஸ்பின்னிங் மில்லில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் அவள் வாங்கியதே ஒரு நாப்கின் பாக்கெட்தான். அதோடு துணியைத் தலை முழுகியாயிற்று என்றிருந்தாள். இப்போது பெற்ற மகளுக்கே அதைக் கட்டிவிடுவதா?

"எரியுதுங்கம்மா," என்றாள் கனிஷ்கா.

அதே தெருவில் துணி நாப்கின் விற்கும் கடை ஒன்று இருந்தது. விற்பனைக்கு நின்ற சரிதா என்ற பெண் நாலைந்து அளவுகளை மேசைமேல் பரப்பினாள். ஜெயப்பிரியா பெரியதாக ஒன்றை எடுத்தாள். நல்லா உறிஞ்சுமே என்று அவள் கணக்கு.

"அது நம்மளாட்டம் பெரியவங்களுக்குங்க அக்கா. சின்னப் புள்ளைங்க ஜட்டிக்கு இது அகலம், சுருண்டு ஒரு பக்கமாப் போயிரும். இந்தச் சின்னதை எடுங்க. மொத ரெண்டு நாளைக்கு மட்டும் கொஞ்சம் நீளமானது. பட்டன் இறுக்கமா நிக்குதான்னு பாத்துக்கோங்க. பச்சைத் தண்ணியில அலசிட்டு அப்பறம் சோப்புப் போடுங்க."

கறை தெரியாத காப்பிப்பொடி நிறம் போதும் என்றாள் ஜெயப்பிரியா. கனிஷ்கா மஞ்சள் பூப்போட்டதைத் தொட்டுக்கொண்டே நின்றாள். ஜெயப்பிரியாவுக்கு வாதாடத் தெம்பில்லை. இரண்டிலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

முதல் மாதம் துவைத்துக் கொடியில் போட்டதும் ஜெயப்பிரியா அவற்றின்மேல் ஒரு துண்டை விரித்து மூடினாள். கனிஷ்கா அதை எடுத்துவிட்டாள். "வெயில் படோணும்னுதானுங்கம்மா சொன்னாங்க." மறுபடி மூடப் போகாமல் ஜெயப்பிரியா உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். தைரியமெல்லாம் இல்லை, அசதிதான். எப்படியோ, அடுத்த மாதத்துக்குள் புண் ஆறி, பிள்ளை நேராக நடந்தாள்.

சித்திரையில் தீனதயாளன் வீட்டுக்கு வந்தான். அன்று மத்தியானம் ஜெயப்பிரியா பண்ணையிலிருந்து திரும்பியபோது அவன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். செயின் பளபளத்தது. அவன் கையிலிருந்த துணியில் கிரீஸ் அப்பிய இடம் போக மிச்சத்தில் மஞ்சள் பூ தெரிந்தது. பக்கத்தில் இன்னும் சில கறுப்பாகக் கிடந்தன. கனிஷ்கா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

ஜெயப்பிரியாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. படியில் உட்கார்ந்துதான் பேச முடிந்தது.

"ஏனுங்க, அது என்னன்னு தெரியுமுங்களா?"

"கரித்துணி. கொடியில தொங்குச்சு."

"பட்டன் வெச்சுக் கரித்துணி யாருங்க தைப்பாங்க? அது புள்ளையோடது. மாசாமாசம் வெச்சுக்கறது."

அவன் கை நின்றது. துணியைக் கீழே போடவும் தெரியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் தெரியவில்லை. "டீசல்ல ஊற வெச்சா கிரீஸ் உட்டுரும்" என்றான்.

"டீசல்ல ஊறுனதைப் புள்ள ஒடம்புல வெக்கறதுங்களா? இப்பத்தான் புண்ணு ஆறியிருக்குது. நாளைக்கோ நாளன்னிக்கோ அதுக்குத் தேதி வேற."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்பங்க சொல்றது? போன்ல சிக்னலே கெடைக்கறதில்ல. கெடைச்சாலும் சுத்தி ஆளு."

அது நியாயம்தான் என்பதுபோல அவன் தலையைக் குனிந்துகொண்டான். கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தான், சட்டையை மாற்றினான், கடை எங்கே என்று கேட்டுக்கொண்டு அதே பைக்கில் சேலத்துக்குக் கிளம்பினான். நாளைக்கு நானே போகிறேன் என்று ஜெயப்பிரியா சொல்லியிருக்க வேண்டும். மறுபடி ஒரு பஸ் ஏறுவதை நினைத்தாலே மலைப்பாக இருந்தது. தரையில் தலையணையைப் போட்டுச் சாய்ந்தாள்.

பொழுது சாயும் நேரம் போன் அடித்தது. "ஜெயா, இங்க நெம்ப இருக்குது. ஒண்ணும் புரியல. சுத்தி எல்லாம் பொம்பளைங்க."

அவள் எழுந்திருக்காமலே, "கனிஷ்கா" என்று கூப்பிட்டு போனை நீட்டினாள். கதவு திறந்தது. முகமெல்லாம் வீங்கிப்போய் வந்த பிள்ளை போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"எந்த அளவு, சாமி?" என்று தீனதயாளன் கேட்டது ஜெயப்பிரியாவுக்கும் கேட்டது.

"சின்னதுங்கப்பா." கனிஷ்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பட்டன் இறுக்கமா இருக்குதான்னு போட்டுப் பாருங்க. நீளமானது ரெண்டு போதும். இல்லீங்க, பூவெல்லாம் வேண்டாம். கறுப்பே எடுத்துக்கோங்க."

பூ வேண்டாம் என்றது ஜெயப்பிரியாவுக்கு எங்கோ உறுத்தியது. கேட்கலாமென்று வாயெடுத்தாள். அதற்குள் கண் சொருகிவிட்டது.

தீனதயாளன் கறுப்போடு நீலப் பூ போட்டதும் வாங்கிவந்து, யாரிடமும் கொடுக்காமல், பிள்ளையின் பள்ளிப் பைமேல் வைத்திருந்தான். காலையில் கனிஷ்கா அவற்றைப் பச்சைத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஜெயப்பிரியா தூக்குப்போசியில் சோற்றைக் கட்டிக்கொண்டு பண்ணைக்கு இறங்கி நடந்தாள்.