நான் கை காட்டிய சத்தம்

நான் இசையமைத்த அந்த நடனப் பாட்டில் எனக்கென்று இருந்தது நடுவில் வரும் பதினாறு தட்டு இடைவெளி மட்டும்தான். டிரம் நின்றுவிடும். என் பிரிக்பீல்ட்ஸ் ஃப்ளாட்டின் பின்பக்கம் நான் பதிவு செய்த மழைநீர் சொட்டும் ஓசை, இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் கேட்கும். பிறகு டிரம் திரும்பி வரும்போது நெஞ்சில் அடிக்கும். மற்றதெல்லாம் கீபோர்டும் கம்ப்யூட்டரும் யாருக்கும் கொடுப்பவை.

அது தொண்ணூற்றேழாம் வருடம். கேசட் அடிப்பதற்கு முன்பு பாட்டைக் கடைசியாகச் சீர்செய்வது கிள்ளான் ஸ்டூடியோவின் விஜயன். இரண்டு விதமாகச் செய்து வைத்திருந்தார். கேசட் கம்பெனி முதலாளி குமரப்பன் அண்ணன் சோபாவில் மைலோ குடித்துக்கொண்டிருந்தார்.

"வால்யூமைத் தொட மாட்டேன் அக்கா. கண்ணை மூடிக் கேட்டுச் சொல்லுங்க, எது?" என்றார் விஜயன்.

இங்கே எல்லாரும் அப்படித்தான் தேர்ந்தெடுப்பார்கள். கேசட் கடையிலும் சரி, மினி பஸ்ஸிலும் சரி, அடுத்தடுத்துப் போட்டு எது துள்ளுகிறதோ அது.

"ரெண்டாவது," என்றேன். தயங்கக்கூட இல்லை.

"முடிஞ்சது லா. நாச்சம்மையே சொல்லிட்டா," என்றார் அண்ணன்.

மறுநாள் வீட்டில் இரண்டு பிரதிகளையும் கேட்டேன். இரண்டாவதன் சத்தத்தைக் குறைத்து முதலாவதோடு சமமாக வைத்ததும் புரிந்தது. விஜயன் மெல்லியதை மேலே தூக்கி, உரத்ததை அழுத்தி, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்தியிருந்தார். மழைச்சொட்டு டிரம் அளவுக்குச் சத்தமாக விழுந்தது. டிரம் திரும்பி வந்தது தெரியவே இல்லை.

அண்ணனுக்கு போன் செய்தேன். "முதலாவதையே போடுங்கண்ணே."

"தெலுக் பங்லிமா காராங்ல கேசட் அடிக்கிற ஃபேக்டரிக்கு அனுப்பியாச்சும்மா. நீதானே கை காட்டுன? நான் என்ன கழுத்தையா பிடிச்சேன்?"

"சத்தத்தைச் சமமா வச்சுக் கேட்டா..."

"பஸ்ல எவன் சமமா வச்சுக் கேக்குறான்? முன்னாடி பாட்டு கத்தும், உன்னோடது முனகும். டிரைவர் மாத்திடுவான்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. யாராவது ஏமாற்றியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் காதைப் பற்றி எனக்கிருந்த கர்வம் கொஞ்சமில்லை. அந்தக் காதுதான் சத்தத்தை அழகென்று சொல்லியிருந்தது.

பாட்டு நன்றாக ஓடியது.

அடுத்த பாட்டில் இடைவெளி வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. டிரம்மை நிறுத்த வேண்டிய இடம் வரும்போதெல்லாம், எப்படியும் விஜயன் மெல்லியதை மேலே தூக்கிவிடுவார் என்று தோன்றும். அங்கே இன்னொரு கீபோர்டை அடைத்தேன். மூன்று மாதத்தில் முடித்து கிள்ளானுக்கு எடுத்துப் போனேன்.

விஜயன் கேட்டார். சத்த அளவைக் காட்டும் முள் வலது ஓரத்தில் அசையாமல் நின்றது.

"எனக்கு வேலையே வைக்கலையே அக்கா. நல்லாப் பழகிட்டீங்க."

பாராட்டுத்தான். ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.